இழுக்கும் கருவியும் தாங்கும் சட்டமும்

பழனிக்குச் சென்றவர்கள் அங்குள்ள இழுவை ரயிலைக் கண்டிருப்பீர்கள். மக்கள் அதனை 'விஞ்ச்' என்றே வழங்குகின்றனர். எந்திரம் சுழல, கம்பி வடம் பெட்டியைச் சரிவில் மேலே இழுக்கிறது. 1966ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு அது.

அதே தத்துவத்தைச் சிறிய உருவில் எங்கள் கன்னிவாடிச் சாலையிலும் காணலாம். பழுதுற்ற காரையோ டிராக்டரையோ ஏற்றிச் செல்லும் தட்டை டிரெய்லரின் முன்பகுதியில் ஒரு விஞ்ச் பொருத்தியிருப்பார்கள். பின்புறம் சாய்வுப் பலகையை இறக்கி, வடத்தை வண்டியில் மாட்டி இழுத்து ஏற்றுவார்கள்.

இதன் வலிமை எங்கே இருக்கிறது? எந்திரத்தில் என்பீர்கள். எந்திரம் அமர்ந்திருக்கும் இடத்தில் என்பேன் நான். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென 1687இல் வெளியிட்ட நூலில் நியூட்டன் கூறினார். வடம் வண்டியை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு வண்டியும் விஞ்சைப் பின்னோக்கி இழுக்கிறது. கமலை இறைத்த நம் முன்னோர் இதனை ஏட்டில் படித்தவரல்லர். ஆயினும் மாட்டைப் பூட்டுமுன் உருளையைத் தாங்கும் கால்களின் உறுதியைச் சோதித்தனர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். காரின் எடை 1,500 கிலோ. சாய்வுப் பலகை 4 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயர்கிறது. சரிவை வெல்ல மட்டும் எடையில் நாலில் ஒரு பங்கு, அதாவது 375 கிலோ இழுப்பு வேண்டும். சக்கரம் காற்றிழந்தால் இது கூடும்; இறுகிவிட்டால் பன்மடங்காகும். மேலும், வடம் உருளையில் அடுக்கடுக்காக ஏற ஏற, சுற்றின் ஆரம் பெருகி இழுவிசை குறையும். ஆதலால் தேவைக்குச் சரியாக அன்றி, தாராளமான வலிமையுள்ள விஞ்சையே தேர்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் விஞ்சை மேடைப் பலகைமீதே போல்ட்டுகளால் இறுக்கியிருந்தனர். டிராக்டர் பாதி ஏறியதும் பலகை பிளந்தது, விஞ்ச் பெயர்ந்தது, டிராக்டர் பின்னோக்கி உருண்டது. பின்னே நின்று வேடிக்கை பார்த்த சிறுவர்கள் மயிரிழையில் தப்பினர்.

செய்ய வேண்டியது யாது? டிரெய்லரின் நீளவாட்டு இரும்புச் சட்டங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே கனமான இரும்பு வைத்து, அதன்மேல் விஞ்சை நடுக்கோட்டில் அமைத்தல் வேண்டும். நடுவிலிருந்து விலகினால் வண்டி கோணலாக ஏறும். உயரமான தூணில் வைத்தால், தூணே நெம்புகோலாகி அடியைப் பெயர்க்கும். டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு பூட்டி, சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுத்தல் வேண்டும். இன்றேல் வால்பக்கம் பாரம் ஏறுகையில் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஏற்றியபின் விஞ்சை மட்டும் நம்பாது, நான்கு மூலையிலும் சங்கிலியால் கட்டுதல் அவசியம். இழுபடும் வடத்தின் நேரே, முன்னும் பின்னும், ஒருவரும் நிற்றல் ஆகாது. அறுந்த வடம் சாட்டையினும் கொடிது.

இனி விஞ்ச் ஒன்றைக் காணும்போது, சுழலும் உருளையை வியப்பதோடு நில்லாமல், அதன் அடியைக் குனிந்து பாருங்கள். அது எதனைப் பற்றி நிற்கிறதென்று கேளுங்கள்.