பெருநாள் ஜவுளியும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ரமளான் பிறை இருபதைத் தாண்டியதும் நம் குடும்பங்கள் தியாகராய நகருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் உள்ள பல மாடிக் கடைகளில் சேலை, சட்டை, பாத்திரம், பெட்டி அனைத்தும் கிடைக்கின்றன; விலையும் குறைவு. இதனை நாம் குறை கூறவில்லை. நான்கு பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வேண்டிய கூலித் தொழிலாளிக்கு இக்கடைகள் செய்துள்ள உதவி சிறிதன்று.

ஆயினும் அவ்விலை எவ்வாறு குறைகிறது? மொத்தமாகக் கொள்முதல் செய்வதும், சிறிய இலாபத்தில் பெருமளவு விற்பதும் நேர்மையான வணிக முறைகளே. அடுத்த காரணம்தான் நம் நெஞ்சை உறுத்த வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி முதலிய தென்மாவட்டங்களின் வானம் பார்த்த கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள், கடைக்காரர் தரும் விடுதியில் தங்கி, அவர் தரும் உணவை உண்டு, காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்கின்றனர். (திரைப்படம் பற்றி இம்மேடையில் பேசும் வழக்கமில்லை, எனினும் 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ இப்பிள்ளைகளின் கதைதான் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.) 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் தீப்பிடித்தபோது உயிரிழந்த இருவரும் ஊழியர்களே.

சட்டம் இல்லாமலில்லை. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, மிகைநேர ஊதியம் கொடுத்தாலும் 10 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. கோழிக்கோட்டுக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் போராடியதன் பயனாகக் கேரளம் 2018இல் ஊழியர்க்கு இருக்கை வேண்டுமெனச் சட்டமியற்றியது. தமிழ்நாடு 2021இல் அவ்வாறே திருத்தம் கொண்டுவந்தது. ஒரு மனிதர் உட்காருவதற்கும் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

இருக்கை போட்டுவிட்டால் போதுமா? விற்பனைப் பெண் உட்கார்ந்திருக்கக் கண்டால் முகம் சுளிப்பவர் கடைக்காரர் மட்டுமல்லர், நாமும்தான். தராவீஹ் முடித்து இரவு பத்து மணிக்குக் கடையேறி, நாற்பது சேலைகளைப் பிரிக்கச் செய்து, ஒன்றும் எடுக்காமல் இறங்கிவிடுகிறோம். அவற்றை மடித்து அடுக்கிய பின்னரே அப்பெண் உறங்கச் செல்ல முடியும். திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கிறது. அது வியாபாரிகளுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடுகிறோம். தனக்கு வேண்டியதை நிறைவாகப் பெற்றுக்கொண்டு பிறர்க்குச் சேர வேண்டியதில் குறைக்கும் குணம் வாங்குபவரிடமும் உண்டு.

பள்ளிவாசல் தெருவில் உள்ள சிறிய ஜவுளிக் கடையையும் நினைத்துப் பாருங்கள். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் நள்ளிரவில் கஃபன் துணி தேவைப்பட்டால் நாம் யாருடைய கதவைத் தட்டுகிறோம்?

ஏழைக் குடும்பங்களுக்கு ஜமாஅத் வழங்கும் பெருநாள் ஆடைகளையும் அங்கேயே வாங்கலாமே எனச் சிலர் கேட்டனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. அது அமானிதப் பணம். சேலைக்கு நூறு ரூபாய் கூடினால், பட்டியலின் கடைசியிலுள்ள விதவைக்குச் சேலை இராது. அப்பணத்தைக் கொண்டு நம் மனநிறைவைத் தேடிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. சொந்தப் பணத்தில் வாங்கும்போதோ இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. ஓர் உடுப்பைக் குறைத்துக்கொண்டு மற்றதைத் தெருக் கடையில் எடுக்க வசதி படைத்தோர் நம்மில் பலர்.

ஜமாஅத்தின் ஆடைக் கொள்முதலை வரும் ஆண்டு ஷஃபான் மாதத்திலேயே, கூட்டமில்லாத ஒரு வார நாளின் முற்பகலில் முடித்துவிட எண்ணியுள்ளோம், இன்ஷா அல்லாஹ். எந்த அளவு, எந்த நிறம் என்பதை முன்னரே எழுதி எடுத்துச் சென்றால் கடைப் பிள்ளைகளுக்கும் அலைச்சல் குறையும். உடன்வர விரும்பும் சகோதர சகோதரிகள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். குழுவுக்கு இன்னும் மூவர் தேவை. வஸ்ஸலாம்.