அல்ஃபால்ஃபா அளந்த கதை

ஹட்டன் பெரியோர்களே, தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பிள்ளைகளே!

1937இல் ஹால் ரோச் தயாரித்து, கோர்டன் டக்ளஸ் இயக்கிய படம் 'த பிக்ஸ்கின் பலூகா'. 'அவர் கேங்' (Our Gang) என்ற சிறுவர் படவரிசையில் ஒன்று. சுமார் 11 நிமிடம்தான். மேடையில் மாலை போட்டு முடிகிற நேரம். அல்ஃபால்ஃபா என்ற பையன் இராணுவப் பள்ளியிலிருந்து டார்லா என்ற சிறுமிக்குக் கடிதம் எழுதுகிறான். தான் பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரனாம்! பந்தைத் தொட்டதே இல்லை. ஊர் திரும்பினால் வரவேற்கக் கூட்டம். கூட்டாளி ஸ்பாங்கி அவனைப் பிடித்து ஆட்டத்தில் இறக்கிவிடுகிறான். அப்புறம் படம் முழுக்க அவன் கால் நடுக்கம்தான்.

அந்தப் பிள்ளைகள் கூட்டத்தில் பக்வீட் என்ற கறுப்புப் பையனும் உண்டு. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே தடை போட்ட காலம் அது. 1922இல் தொடங்கிய இந்த வரிசையோ இருவரையும் சேர்த்தே விளையாட விட்டது. கறுப்புப் பிள்ளையைக் கேலிப்பொருளாக்கிய இடங்களும் அதில் இருக்கின்றன, மறைப்பதற்கில்லை.

படத்தில் அவர்கள் ஆடும் ஃபுட்பால் நம் உதைபந்தாட்டம் அல்ல. நீள்வட்டப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். நீள்வட்டப் பந்து மலையகத்துக்கும் புதிதில்லை. ரதல்லயிலும் தரவளையிலும் துரைமார் கிளப் வைத்து ரக்பி ஆடினார்கள். சமதளமான புல்தரை அவர்களுக்கு.

லயத்துப் பிள்ளைக்கு வாய்த்தது பெரட்டுக்களம், இல்லாவிட்டால் ரோட்டு வளைவு. கோல் கம்பம் இரண்டு செருப்பு. ஓங்கி அடித்தால் பந்து நிற்காது. தேயிலைக்குள் இறங்கி, கானில் உருண்டு, கீழ் லயத்து இஸ்தோப்பில் போய்த்தான் நிற்கும். அடித்தவன்தான் எடுத்துவர வேண்டும். மழைநாளில் அட்டை வேறு. கவ்வாத்து வெட்டிய மலையென்றால் கட்டை குத்திப் பந்தே போய்விடும், அன்றைய ஆட்டம் அத்தோடு சரி.

கொழும்புக்குக் கடைவேலைக்குப் போன பையன் தீபாவளிக்கு வந்து, "அங்க பெரிய டீமுல ஆடுறேன்" என்று அளந்து, மறுநாள் களத்தில் மாட்டிக்கொள்வது இங்கே நடக்காத கதையா? அல்ஃபால்ஃபா எந்த லயத்தில் இல்லை?

ஹால் ரோச்சிடம் ஸ்டூடியோ இருந்தது. பிள்ளைகளே, உங்கள் அண்ணன்மார் கையில் போன் இருக்கிறது. நம் அல்ஃபால்ஃபா கதையை 11 நிமிடத்துக்குள் படமாக எடுங்கள், இதே மண்டபத்தில் போட்டுக் காட்டுங்கள். பந்தைத் தேடிக் கானுக்குள் இறங்கும் பையனை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.