அரக்கனை வளர்த்தவர்கள்

பெங்களூரில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற திரையிடலுக்குப் பின் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



சற்று முன் நாம் பார்த்தது, தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2006இல் எடுத்த 'தி ஹோஸ்ட்'. கொரிய மொழியில் அதன் பெயருக்கு அரக்கன் என்றுதான் பொருள். அந்நாட்டில் மட்டும் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்குகளில் இதைப் பார்த்தனர். நீங்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். நீருக்குள்ளிருந்து பாய்ந்து வந்த அரக்கனைக் கண்டு குழந்தைகள் அஞ்சினார்கள். அந்த அரக்கனை வளர்த்தவர்கள் யார் என்ற கேள்வியைப் பெரியவர்களாகிய நாம் எழுப்பியாக வேண்டும்.

படத்தின் தொடக்கக் காட்சி கற்பனையன்று. சியோல் நகரின் யோங்சான் பகுதியில் இருந்த அமெரிக்க இராணுவத் தளத்தின் பிணவறையிலிருந்து, 2000 பிப்ரவரியில், பிணங்களைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு கழிவுநீர்க் குழாயில் கொட்டப்பட்டது. அந்தக் குழாய் ஹான் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு தலைநகர மக்களின் குடிநீர். அவ்வாண்டு ஜூலையில் சூழலியல் இயக்கத்தினர் இதை அம்பலப்படுத்தினர், மக்கள் கொதித்தெழுந்தனர், அமெரிக்க இராணுவம் மன்னிப்புக் கேட்டது. கொட்டச் சொன்ன அமெரிக்க அலுவலருக்குக் கொரிய நீதிமன்றம் 2004இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தபோது அவர் கூண்டில் நிற்கவில்லை. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது.

படத்தில் அந்த நஞ்சைக் கையால் ஊற்றுபவர் யார்? ஒரு கொரிய ஊழியர். அது ஆற்றில் கலக்குமே என்று தயங்குகிறார். விதிக்கு எதிரானது என்கிறார். ஆறு அகலமானது, நாமும் பரந்த மனதோடு இருப்போம் என்கிறார் மேலதிகாரி. பிறகு புட்டி புட்டியாக நஞ்சு இறங்குகிறது. ஆணையிடுபவருக்கும் ஊற்றுபவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் காட்சி சில நிமிடங்களில் உணர்த்திவிடுகிறது. மாசுக்கு நாம் எல்லோருமே காரணம் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அவர்கள் மறைக்க விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான்.

அரக்கன் பறித்துச் செல்லும் சிறுமி ஹியுன்-சோவின் குடும்பம் எத்தகையது? தாத்தா ஆற்றங்கரையில் சிறு கடை நடத்துகிறார். தந்தை காங்-டு கடையிலேயே தூங்கி வழிபவர். சித்தப்பா நாம்-இல் பட்டம் பெற்றும் வேலையில்லாதவர், மாணவப் போராட்டங்களில் நின்றவர். அத்தை நாம்-ஜூ, உரிய கணத்தில் அம்பை விடத் தயங்கித் தங்கத்தைத் தவறவிட்ட வில்வித்தை வீராங்கனை. சமூகம் தோற்றவர்கள் என்று ஒதுக்கிய நால்வர். குழந்தை உயிரோடு இருக்கிறாள், தொலைபேசியில் பேசினாள் என்று அவர்கள் கதறுகிறார்கள். ஓர் அதிகாரிகூடக் காது கொடுக்கவில்லை.

காது கொடுக்காததற்குக் காரணம் உண்டு. அரக்கன் ஒரு கொடிய நோய்க்கிருமியைப் பரப்புகிறது என்று அரசு அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்போடு பாதிக்கப்பட்டவர்கள் நோய் பரப்புபவர்களாக மாறிவிடுகிறார்கள். பிள்ளையை இழந்த தந்தை அடைத்து வைக்கப்படுகிறார். அவர் தலையில் துளையிட்டுச் சோதிக்கிறார்கள். உண்மையில் அப்படியொரு கிருமியே இல்லை. அதை அவர்களும் அறிவார்கள். இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்ற பொய்யைச் சொல்லி 2003இல் போர் தொடுக்கப்பட்டதையும், அடுத்த மூன்றாண்டுகளில் இப்படம் வந்ததையும் சேர்த்துப் பாருங்கள். இறுதியில் ஆற்றங்கரையில் 'ஏஜென்ட் யெல்லோ' என்ற இரசாயனத்தைத் தூவுகிறார்கள். வியட்நாமின் காடுகள்மீது கொட்டப்பட்ட 'ஏஜென்ட் ஆரஞ்சு' நம் நினைவுக்கு வராமல் இருக்குமா? இரசாயனத்தால் பிறந்த கேட்டுக்கு அவர்கள் கண்ட தீர்வும் இரசாயனமே. அதைச் சுவாசித்து விழுபவர்கள் அதை எதிர்த்துக் கரையில் கூடிய மக்கள்.

தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதிதன்று. 1984 டிசம்பரில் போபால் மக்கள்மீது யூனியன் கார்பைடு நச்சுவாயுவை ஏவியது. அதன் தலைவர் ஆண்டர்சன் கைதான அன்றே பிணையில் விடப்பட்டு நாட்டைவிட்டுப் பறந்தார். விசாரணையைச் சந்திக்காமலே 2014இல் இறந்தார். ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை அகற்ற நாற்பது ஆண்டுகள் ஆயின. 2025 ஜனவரியில் அது பீதம்பூருக்கு அனுப்பப்பட்டபோது, எங்கள் ஊரில் எரிக்காதே என்று அங்குள்ள மக்கள் தெருவில் இறங்கினார்கள். நஞ்சு ஓர் ஏழை மக்களிடமிருந்து இன்னோர் ஏழை மக்களிடம் இடம் மாறியது. அந்த வளாகத்தைச் சுற்றி மாசடைந்த நிலத்தடி நீரோ அங்கேயே தங்கிவிட்டது.

நாம் வாழும் இந்த நகரில் பெல்லந்தூர் ஏரி இருக்கிறது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் சலவைப் பொருட்களின் எச்சமும் ஆலைக் கழிவும் சேர்ந்து, ஏரி நுரை கக்கியது. காற்றடித்தால் நுரை சாலையில் வந்து விழுந்தது. 2015இல் ஏரியில் தீப்பற்றியது. 2018 ஜனவரியில் மீண்டும் பற்றிய தீயை அணைக்க இராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டார்கள். தண்ணீர் பற்றி எரிந்ததை நேரில் கண்டவர்களுக்கு அரக்கன் கதை எப்படி வியப்பளிக்கும்? கழிவுநீர்க் கட்டமைப்பு இல்லாமலே கட்டடங்களுக்கு அனுமதி வழங்கியவர்களை யார் விசாரித்தார்கள்? ஏரியை மீட்கிறோம் என்று கிளம்பும் இயந்திரங்கள் முதலில் கரையோரக் குடிசைகளின் முன்பல்லவா வந்து நிற்கின்றன? கழிவுத் தொட்டிக்குள் இறக்கப்பட்டு மூச்சடைத்துச் சாகும் தொழிலாளியின் பெயர் எந்தச் சூழல் அறிக்கையில் இடம்பெறுகிறது?

இங்கே நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ள வேண்டும். ஏரியும் காற்றும் வசதி படைத்தோரின் கவலை, நமக்குக் கூலியும் வேலையும்தான் கோரிக்கை என்று நம்மில் பலர் எண்ணியதுண்டு. அப்படி நாம் ஒதுங்கிய இடத்தில் வேறு சிலர் வந்து அமர்ந்தார்கள். ஏரி நடைபாதையாகவும் பூங்காவாகவும் அழகுபடுத்தப்பட்டது. அதன் கரையில் வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தொழிலாளி குடிக்கும் நீரும் சுவாசிக்கும் காற்றும் அவருடைய கூலியைப் போலவே வர்க்கப் பிரச்சினை. ஆலைக்குள் பாதுகாப்பு கேட்கும் சங்கம், ஆலைக்கு வெளியே ஓடும் கழிவைப் பற்றியும் கேட்க வேண்டும். ஊற்றச் சொல்லி ஆணை வரும்போது மறுக்கத் தனி ஊழியருக்குத் துணிவு வராது. சங்கம் அவருக்குப் பின்னால் நின்றால் வரும்.

அரக்கன் எப்படி வீழ்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். வீடற்ற ஒருவர் பாலத்தின் மேலிருந்து அதன்மீது பெட்ரோலை ஊற்றுகிறார். சித்தப்பாவின் கையிலிருந்து கடைசித் தீக்குப்பி நழுவி உடைகிறது. அந்தத் தீயைத் தன் அம்பு நுனியில் ஏந்துகிறார் அத்தை; இம்முறை அவர் தயங்கவில்லை. எரியும் அரக்கனைத் தந்தை கம்பத்தால் குத்தி நிறுத்துகிறார். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார்.

ஆனாலும் ஹியுன்-சோ பிழைக்கவில்லை. அந்தப் பெண் ஏன் சாக வேண்டும் என்று இங்கே ஒரு குழந்தை கேட்டது. அதற்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. பெரியவர்கள் அவள் குரலைக் கேட்கத் தாமதித்தார்கள் என்பதுதான் விடை. அவள் கடைசிவரை காத்த ஆதரவற்ற சிறுவன் பிழைத்தான். பனி கொட்டும் இரவில், அதே கடையில், காங்-டு அவனுக்குச் சோறிடுகிறார். தொலைக்காட்சியில் விசாரணை அறிக்கை வாசிக்கப்படுகிறது. இருவரும் அதை அணைத்துவிட்டு உண்கிறார்கள். வெளியே ஆறு இருட்டாகக் கிடக்கிறது. காங்-டு இப்போது தூங்குவதில்லை. துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

நம் ஏரிகளின் கரையிலும் அந்த விழிப்பு வேண்டும். உங்கள் பகுதியில் எந்தக் குழாய் எந்த நீரில் சேர்கிறது, அதை யார் திறந்துவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு கிளையும் கண்டறியட்டும். அங்கிருந்து நம் வேலையைத் தொடங்குவோம்.