சிக்கனம் தெரியாதவர்கள் யார்?



போன மாதம் இதே தெருவில் ஒரு கூட்டம் நடந்தது. குழுக் கடன் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர், பணத்தை எப்படிக் கையாள்வது என்று வகுப்பு எடுத்தார். "டீ குடிப்பதைக் குறையுங்கள், வரவுக்கு மேல் செலவு செய்வதால்தான் நீங்கள் முன்னேறவில்லை" என்றார். நம் பெண்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குனிந்த தலைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அங்கே இருந்த ஓர் அக்கா தூய்மைப் பணியாளர். திங்கட்கிழமை ஒரு குழுவுக்கு, வியாழக்கிழமை இன்னொரு குழுவுக்குத் தவணை கட்டுகிறார். சம்பளம் வந்த அன்றே அரிசிக்கு, வாடகைக்கு, மகனின் கல்லூரிக்கு என்று தனித்தனியாக எடுத்து வைக்கிறார். இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை. இவருக்கா கணக்குத் தெரியாது?

கணக்குத் தெரியாததல்ல நம் சிக்கல். சேர்த்து வைக்கக் கூடாது என்று நமக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். திறமை இருந்தாலும் சூத்திரன் செல்வம் சேர்க்கக் கூடாது என்கிறது. சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நாயும் கழுதையும்தான் சொத்து என்கிறது. எட்டாம் அத்தியாயம் வட்டியைப் பற்றிப் பேசுகிறது. நூற்றுக்கு மாதம் பார்ப்பனருக்கு 2, சத்திரியருக்கு 3, வைசியருக்கு 4, சூத்திரருக்கு 5. அதாவது மேலே இருப்பவருக்கு ஆண்டுக்கு 24 விழுக்காடு, கீழே இருப்பவருக்கு 60 விழுக்காடு!

இது பழைய கதை என்பீர்கள். இன்று மாதச் சம்பளமும் சொந்த மனையும் உள்ளவருக்கு வங்கி குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் தருகிறது. அடமானம் வைக்க எதுவும் இல்லாத அக்காவுக்குக் குழுக் கடன் 20 விழுக்காட்டுக்கும் மேல். அவசரத்துக்குப் பத்து வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. சட்டப் புத்தகத்தில் சாதியின் பெயர் இல்லை. ஆனால் அடமானம் வைக்க நிலம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதைச் சாதிதானே முடிவு செய்தது?

நமக்கு நிலம் கிடைக்கவே இல்லையா? கிடைத்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படியிருந்தும் அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அதை நாம் டீ குடித்தா தொலைத்தோம்?

2022-23இல் நாட்டின் மொத்தச் செல்வத்தில் 40 விழுக்காடு, மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் இருந்தது என்று பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி குழுவினரின் ஆய்வு சொல்கிறது. இவ்வளவு சொத்தும் சிக்கனத்தால் வந்ததா? இறந்தவரின் சொத்து மீதான வரியை 1985இல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015இல் எடுத்தார்கள். அப்பன் சொத்து அப்படியே மகனுக்குப் போகிறது. சாதியும் அப்படித்தானே போகிறது!

அப்படியானால் சிக்கனம் வேண்டாமா? வேண்டும் தோழர்களே. பெரியாரைவிடச் சிக்கனக்காரர் யார்? கல்யாணத்துக்குக் கடன் வாங்காதே, சடங்குக்குக் காசைக் கொட்டாதே என்று ஊர் ஊராகச் சொன்னவர் அவர். ஆனால் ஏழையைக் குற்றவாளியாக்க அவர் அதைச் சொல்லவில்லை. நம் காசு புரோகிதருக்கும் வட்டிக்காரருக்கும் போகக் கூடாது, நம் பிள்ளையின் படிப்புக்குப் போக வேண்டும் என்று சொன்னார். அதே வாயால் வகுப்புரிமையும் கேட்டார். சிக்கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உரிமையை விட்டுவிடச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எனவே மூன்று வேலைகள். ஒன்று, அடுத்த முறை கடன் கொடுக்க வருகிறவரிடம் ஆண்டு வட்டி எவ்வளவு என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள். இரண்டு, கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் தனியாகப் போகாமல் எல்லோரும் சேர்ந்து போய்ப் புகார் கொடுங்கள். மூன்று, பஞ்சமி நில மீட்பையும் பரம்பரைச் சொத்துக்கு வரியையும் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள்.

அடுத்த வகுப்பிலும் தோழர்கள் உட்காருங்கள். ஆனால் தலையை நிமிர்த்தி உட்காருங்கள். கணக்குக் கேட்க வேண்டியவர்கள் நாம்.