முரட்டுச் சேவலை என் செய்வது?

(செம்மங்குப்பம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)



கணக்குத் தணிக்கைக்கு வந்தவன் கோழியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். கோழி வாங்கப் பெற்ற கடன், முட்டை விற்ற பணத்தில் திரும்ப வேண்டியது. அங்கத்தினர் ஒருவர் வீட்டிலோ முட்டை எடுக்கவே ஒருவரும் கொல்லைக்குப் போவதில்லையென்று இன்று காலை அறிந்தேன். சேவல் விடுவதில்லையாம். அவ்வீட்டுச் சிறுமியின் கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, அதன் கால்முள் கீறிய வடுவையும் கண்டேன். ஆகையால் வட்டிக் கணக்கு சற்றுப் பொறுத்திருக்கட்டும்.

சேவல் மனிதர்மேல் பாய்வதைத் துஷ்டத்தனமென்று கருதலாகாது. தன் பெட்டைகளைக் காப்பது அதன் சுபாவம். குஞ்சுப் பருவத்தில் மடியில் வைத்துக் கொஞ்சிய சேவலுக்கு மனிதரிடம் அச்சம் அற்றுப்போகிறது; ஐந்தாறு மாதத்தில் பருவம் வந்ததும் நம்மையும் போட்டிச் சேவலாகவே பார்க்கிறது. பிள்ளைகள் ஓடினால் தான் வென்றதாகக் கொள்ளும்; தடியெடுத்தாலோ சண்டைக்கு அழைத்ததாகக் கொள்ளும். என் வீட்டிலும் அடித்துப் பார்த்தோம். சேவல் திருந்தவில்லை, விளக்குமாறுதான் தேய்ந்தது.

நம் பக்கத்து நாட்டுக்கோழிகளில் சண்டைக்கென்றே வளர்த்த அசில் இரத்தமும் கலந்திருக்கிறது. 1993இல் பிரிக்கப்பட்ட பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த அரசலாபுரத்தில், ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் சேவலொன்றுக்கு நட்ட நினைவுக்கல் இருக்கிறது. அக்காலத்துப் பெருமை அது. கொல்லைப்புறத்தில் பிள்ளைகள் விளையாடும் வீட்டிற்கு அது பொருந்தாது.

முதலில் ஒரு வாரம் முயன்று பாருங்கள். அதன் முன் ஓடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். விலகாமல் நிதானமாக நடந்து செல்லுங்கள். பெரியவர் ஒருவர் அதைப் பிடித்து, இறக்கைகளை அணைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடங்கும்வரை சிறிது நேரம் நிற்கட்டும். முட்டை எடுக்கும் வேளையில் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடிவிடுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மூன்று பெட்டைக்கு இரண்டு சேவல் இருந்தால் பெட்டைகளின் முதுகில் இறகு நிற்காது. கால்முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டாதலால் ஆழ வெட்டலாகாது. காயம்பட்டால் மஞ்சளை அப்பிவிட்டு இராமல், சோப்பிட்டுத் தண்ணீரில் நன்கு கழுவி, ரணஜன்னித் தடுப்பூசியைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முகத்தைத் தாக்கிய சேவலுக்குத் தவணை கொடுக்க வேண்டாம். கடனுக்குத் தவணை தரலாம். கண்ணுக்குத் தர இயலாது.

"சேவல் போனால் பெட்டை முட்டையிடுமா?" என்று ஓர் அம்மாள் கேட்டார்கள். இடும். சேவலே இல்லாவிடினும் இடும்; அது உண்ணவும் விற்கவும் ஏற்றது, குஞ்சுதான் பொரிக்காது. சேவலை நீக்கிய பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை இடும் முட்டைகளில் கரு இருக்கக்கூடும். ஆயினும் அவற்றை அடைவைக்க நான் யோசனை சொல்லேன். தகப்பனின் குணம் குஞ்சுக்கும் இறங்கும். சாதுவான சேவலொன்றை அயல்வீட்டில் பார்த்து வாங்குங்கள்.

சண்டைக்கு வாங்குவோர் கறி விலையைப் போல் பன்மடங்கு தருவதாகச் சொல்லி வரக்கூடும். பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குணத்தை மறைத்து இன்னொரு அங்கத்தினர் தலையில் கட்டுவதும் தகாது. கறிக்கு விற்றுவிடுவதே நேர்மை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலென்றால், திருவிழா வரையில் அடைத்து வைத்துத் தீனி போடுங்கள்.

மேற்சொன்ன வீட்டுச் சேவல் இப்பொழுது பஞ்சாரத்துக்குள் இருக்கிறது. காலையில் நானே கவிழ்த்தேன், புறங்கையில் ஒரு கீறலும் பெற்றேன். அச்சிறுமி ஐந்து முட்டைகளை எடுத்து வந்தாள். இனி, தவணை தவறியவர்களின் புத்தகங்களைக் கொண்டுவரலாம்.