முதியோர் ஆகாரமும் உடல் வலிமையும்

(கடையநல்லூர் வட்டாரத்தின் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை குறித்தே இம்மண்டபத்தில் நாம் பெரும்பாலும் பேசி வருகிறோம். இன்று தங்கள் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் கால்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு வரை வரப்பில் தடையின்றி நடந்தவர், இவ்வாண்டு தரையிலிருந்து எழுவதற்குக் கைத்தாங்கல் கேட்கிறார். நிறைகுடம் சுமந்த பாட்டியார், தண்ணீர்ச் செம்பையும் இரு கைகளால் பற்றுகிறார். 'வயதாகிவிட்டது' என்று கூறி நாம் அமைதி அடைகிறோம். அது பாதி உண்மையே ஆகும். நடுத்தரப் பிராயத்திலிருந்தே பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைந்து வருகிறது. அறுபதுக்குப் பின்னர் இக்குறைவு விரைவடைகிறது. இதனை முற்றிலும் தடுத்தல் இயலாது. எனினும், எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பது ஆகாரத்தையும் அசைவையும் பெரிதும் பொறுத்தது. தசை நலிந்தவர் கால் இடறினால் சமாளிக்க இயலாது விழுகிறார். தொடை எலும்பு முறிகிறது. படுக்கையில் கிடக்கும் வாரங்களில் எஞ்சிய தசையும் கரைகிறது. குடும்பத்தின் சேமிப்பும் அத்துடன் கரைவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள்.

முதியவரின் தட்டில் நாம் இடுவது என்ன? காலையில் கஞ்சி, நண்பகலில் ரசஞ்சோறு, இரவில் இரண்டு இட்டிலி. 'பருப்பு வாயு, முட்டை சூடு, பயறு ஜீரணமாகாது' என்று அன்பினாலேயே விலக்கி வைக்கிறோம். மூத்த பெண்மணிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. யாவரும் உண்ட பின்னரே அவர்கள் அமர்கின்றனர்; அதற்குள் குழம்பில் பருப்பு தீர்ந்திருக்கும்.

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுப்படி, வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியவரின் தசை, கிடைக்கும் புரதத்தை இளையவரைப் போல எளிதில் பயன்படுத்திக் கொள்வதில்லை. ஆதலின் அவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. ஐம்பது கிலோ எடையுள்ள பெரியவருக்கு 50 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்று கொள்வோம். அவர் உண்ணும் கால் கிலோ அரிசியில் சுமார் 18 கிராம் கிடைக்கிறது. குழம்புப் பருப்பையும் தேநீரில் சேரும் பாலையும் கூட்டினாலும் 25 கிராமைத் தாண்டுவது அரிது. பாதிக்குப் பாதி குறைவு!

இக்குறை புதிதன்று. நான் குறிப்பிட்ட அந்த நிறுவனம், நம் நீலகிரிக் குன்னூரில் 1918இல் தொடங்கப்பெற்று, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்றதே ஆகும். குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர், இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை வெள்ளெலிகளுக்கு அளித்து ஆராய்ந்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், கீரை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சோற்றை உண்டவை பின்தங்கின. இதனால் அரிசியைக் குறை கூறுவதாகக் கருத வேண்டாம். அரிசிக்குத் துணை வேண்டும் என்பதே கருத்து. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு.

நம் முன்னோர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும். தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தில் செய்த உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நெல்லைச் சீமைக்கே உரியவை. உளுந்தங்களியைப் பூப்பெய்திய பெண்ணுக்குக் கிண்டித் தருகிறோம். எழுபது வயதுப் பாட்டிக்கு ஏன் தரலாகாது? சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் நன்கு விளைகின்றன. ஆனால் களத்திலிருந்தே அவை வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுகின்றன. முதியவர் ஒருவருக்கு நாள்தோறும் 40 கிராம் பயறு அளிக்க ஆண்டுக்கு 15 கிலோ போதும். விற்பனைக்கு முன்னர் அதனை எடுத்து வையுங்கள். நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு உதவியே. எனினும் ஐவர் கொண்ட குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம் பருப்புக்கூடத் தேறாது.

விடுபட்ட 25 கிராமை நிரப்ப அரிய பண்டம் எதுவும் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. முளைகட்டி வேகவைத்த பயறு, முன் கூறிய 40 கிராமில், 9. ஒரு தம்ளர் பாலில் 6. குளத்து மீன் கிடைக்கும் நாளில் முட்டை வேண்டியதில்லை. பல் இல்லாதவருக்குக் கடலையை இடித்தும், பயறைக் குழையவிட்டும் கொடுக்கலாம். மூன்று வேளைக்கும் பகிர்ந்து அளித்தலே நன்று. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டறிந்த பின்னரே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

உண்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தால் சத்து தசையாக மாறாது. கனமான நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது, காலையும் மாலையும் செய்யத்தக்க எளிய பயிற்சி. முதலில் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். 'நீங்கள் சும்மா இருங்கள் தாத்தா' என்று கூறித் தோட்டத்து வேலையைப் பிடுங்கிக் கொள்ளும் பேரன்மார் இதனைக் கவனிக்க.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1982 ஜூலையில் குழந்தைகளுக்கெனத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆதரவற்ற முதியோர் பசியாறுவதும் பொதுக்காரியமே என்று அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. தங்கள் ஊரில் தனித்து வாழும் முதியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர் எவர், கடைசியாகப் பருப்பு உண்டது எந்நாள் என்று வீடுவீடாகச் சென்று கேட்டு, அப்பட்டியலை அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைக்குக் கொண்டு வாருங்கள். ஓய்வூதியம் கிடைக்காதவர் பெயரைத் தனியே குறித்துக் கொடுத்தால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.