நிலமும் பொழுதும் கைபேசியும்

தொல்காப்பியர் அகத்திணைக்கு இலக்கணம் வகுத்தபோது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருள் அவற்றின் மேல் நிற்பது. எங்கே, எப்பொழுது என்று அறியாமல் ஒருவர் செயலுக்குப் பொருள் காண்பது அரிது என்பது அதன் உட்கிடை. இக்காலக் கைபேசி இணையத்துக்கும் இது பொருந்தும். ஒரு சேவை கையாள எளியதா, அரியதா என்பதைத் திரையை மட்டும் நோக்கி முடிவு செய்ய இயலாது. கைபேசியை ஏந்தியவர் எங்கே நிற்கிறார், அவரது மறு கை எதைப் பற்றியிருக்கிறது, கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அருகில் யார் இருக்கிறார்கள் என்பவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் ஜேக்கப் நீல்சன் குழுவினர் இலண்டனில் 20 பேரிடம் 'வாப்' கைபேசிகளைக் கொடுத்து ஒரு வாரம் பயன்படுத்தச் செய்தனர். ஓராண்டுக்குள் இத்தகைய கருவியைப் பயன்படுத்துவீர்களா என்ற வினாவுக்கு 70 விழுக்காட்டினர் இல்லை என்றே விடையளித்தனர். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் ஓடியது. அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அதில் தேடுவதைவிட, ஒரு செய்தித்தாளை வாங்கி அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுவது மலிவு என்று ஒரு பெண்மணி கணக்கிட்டாராம்.

அதே காலத்தில் ஜப்பானில் நிகழ்ந்தது வேறு. 1999 பிப்ரவரி 22 அன்று என்டிடி டோகோமோ நிறுவனம் 'ஐ-மோட்' சேவையைத் தொடங்கியது. 2000 ஆகஸ்டுக்குள் அதன் சந்தாதாரர் தொகை ஒரு கோடியைக் கடந்தது. அதன் திரையும் சிறியதே. எழுத்தும் எண் பொத்தான்களில் தட்டுவதே. ஆயினும் அது அந்நாட்டு வாழ்க்கையோடு இயைந்து வந்தது. நகர மக்கள் நாள்தோறும் நெடுநேரம் ரயிலில் செல்பவர்கள். ரயிலில் உரக்கப் பேசுவது அங்கு நாகரிகம் அன்று. ஒரு கையால் வளையத்தைப் பற்றி நின்று, மறு கையின் கட்டைவிரலால் ஓசையின்றி அஞ்சல் எழுதுவதற்கு அது வாய்ப்பாக அமைந்தது. பெற்ற தகவலின் அளவுக்கே கட்டணம் என்பதால், ரயில் நிலையங்களுக்கிடையே எண்ணி எண்ணி நின்று நிதானமாகப் படிக்கலாம். கடிகாரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பின்னர் 2002-இல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும், 2005-இல் பிரிட்டனிலும் ஐ-மோட் அறிமுகமாயிற்று. ஜப்பானில் கண்ட வெற்றி அங்கெல்லாம் கிட்டவில்லை. ஏற்ற கருவிகள் குறைவாக இருந்ததும் ஒரு காரணமே. ஆனால் சேவையைக் கப்பலேற்ற முடிந்தவர்களால், அது வேர்பிடித்த ரயில் பயணத்தையும் பழக்கத்தையும் உடன் ஏற்ற முடியவில்லை.

2005-இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்று இதற்கு அளவுகோலே தந்தது. 28 பேர் ஹெல்சிங்கி நகரின் தெருக்களிலும் ஊர்திகளிலும் ஆய்வுக்கூடத்திலும் கைபேசியில் தகவல் தேடினர். வெளியே நடமாடுகையில் அவர்களின் கவனம் 4 முதல் 8 வினாடித் துண்டுகளாகச் சிதறியது. எதிரே வருபவர், கடக்க வேண்டிய சாலை, ஏற வேண்டிய வண்டி ஆகியவை இடையிடையே கண்ணைப் பறித்தன. அமைதியான அறையில் சோதித்துச் செம்மையானது என்று சான்றளிக்கப்பட்ட சேவை, சாலையில் தடுமாறுவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில் 2016-இல் யுபிஐ வந்தபின் தேநீர்க் கடைகளில் கண்ட மாற்றமும் இவ்வகையினதே. பணம் வந்ததா என்று அறியக் கடைக்காரர் ஈரக் கையைத் துடைத்துக் கைபேசியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கூட்ட நேரத்தில் அது இயலாது. பொய்யான திரையைக் காட்டி ஏமாற்றுவோரும் இருந்தனர். தொகையை உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி வந்ததும் சிக்கல் தீர்ந்தது. கை ஆற்றிக்கொண்டிருக்க, காது கணக்குப் பார்த்துக்கொள்கிறது. தமிழிலும் அது சொல்கிறது.

இத்தனை பரிவு எல்லா இடத்திலும் காட்டப்படுவதில்லை. ஒரு கைபேசி, ஒரு மனிதர் என்ற கணக்கிலேயே பல சேவைகள் அமைகின்றன. எரிவாயு உருளை வாசலுக்கு வருகிறது. கொண்டுவந்தவர் குறியெண் கேட்கிறார். பதிவாகியிருப்பதோ வெளியூரில் பணிபுரியும் மகனின் எண். அவன் வேலையில் இருக்கிறான், அழைப்பை எடுக்கவில்லை. முதியவள் வாசலில் நிற்கிறாள். வங்கிக் குறியெண்ணை யாரிடமும் சொல்லாதீர் என்று அறிவுரை வருகிறது. கண் மங்கிய அவளுக்கு அதைப் படித்துச் சொல்பவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவள் அறியாமையால் விதியை மீறவில்லை. விதியை எழுதியவர் அவள் வீட்டை அறியவில்லை.

கையாளத் தெரியாதவர் என்று மக்களைப் பழிப்பது எளிது. அவர்கள் நிற்கும் நிலத்தையும் வாழும் பொழுதையும் அறிந்து கருவியை வகுப்பதே கடினம். வகுப்பவர் ஒரு நாளேனும் அந்த வாசற்படியில் அமர்ந்து பார்த்தால், திரையில் மாற்ற வேண்டியது எது என்பது தானே புலப்படும்.